நிழலுக்கு அளந்தார்கள், வெளிச்சத்துக்கு அளக்கிறோம்

ஃபிலிம் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். சில கம்பெனிகள் அதை அட்டையின் உட்பக்கத்திலேயே அச்சடித்துவிடும். முழுச் சூரியன், மேகம் லேசாக மறைத்த சூரியன், சூரியனே தெரியாத மேகம், வீட்டு நிழல் என்று நாலைந்து பொம்மைப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு எண். முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் நம்மூரில் கேமராவைக் கையில் எடுத்த பலருக்கு எக்ஸ்போஷர் பாடம் சொல்லித்தந்த முதல் வாத்தியார் அந்தச் சீட்டுதான். பலருக்குக் கடைசி வாத்தியாரும் அதுவே.

அதிலிருந்த கணக்கு இவ்வளவுதான். நல்ல வெயிலில் அப்பர்ச்சரை எஃப் 16இல் வை. ஃபிலிமின் ஏஎஸ்ஏ எண் எதுவோ, அதற்குப் பக்கத்து எண்ணில் ஷட்டரை வை. நூறு ஏஎஸ்ஏ என்றால் 1/125. நானூறு என்றால் 1/500. கடற்கரை மணலில் நின்றால் எஃப் 22. லேசாக மேகம் போட்டால் 11, நன்றாக மூடினால் 8, மழை வருகிற மாதிரி இருட்டினால் 5.6, மரத்தடி நிழல் என்றால் 4. அக்ஃபா க்ளிக் மாதிரியான பெட்டிக் கேமராக்காரர்களுக்கு இந்த எண்களும் கிடையாது. வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று. நகர்த்திவிட்டு அமுக்க வேண்டியதுதான்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு மீட்டரே இல்லாமல் வாழ்க்கை முழுக்கப் படம் எடுத்தவர்கள் உண்டு. தெருவில் இறங்கும்போதே கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "எட்டு, நூத்தி இருபத்தஞ்சு" என்று முணுமுணுத்தபடி வளையத்தைத் திருப்புவார்கள். இதில் மாயம் ஒன்றும் கிடையாது. உச்சி வெயிலின் அளவு நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. மேகமும் நிழலும்தான் மாறுகின்றன. அவற்றை எடைபோடக் கண்ணைப் பழக்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

பழக்கியே ஆகவேண்டிய நெருக்கடியும் இருந்தது. ஒரு ரோலில் முப்பத்தாறு படம். பெரிய 120 ரோலைச் சதுரமாக எடுத்தால் பன்னிரண்டே. ரோல் முடிய வேண்டும், கழுவக் கொடுக்க வேண்டும், பிரிண்ட் வரவேண்டும். தப்பு தெரிவதற்குள் அந்தப் படத்தை எந்த வெளிச்சத்தில் எடுத்தோம் என்பதே மறந்துபோயிருக்கும். அதனால்தான் அக்கறையாகக் கற்றவர்கள் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு படம் எண், அப்பர்ச்சர், ஷட்டர் என்று குறித்தார்கள். இப்போது அந்த மூன்றையும், எடுத்த நேரத்தோடு சேர்த்து, படக் கோப்பே தனக்குள் எழுதி வைத்துக்கொள்கிறது. எத்தனை பேர் திறந்து பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஷட்டரும் அப்பர்ச்சரும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டுவதைப் புரிந்துகொள்ளக் காலணா ஞானம் போதும். ஒரு ரூபாயை இரண்டு எட்டணாவாகவும் கொடுக்கலாம், நாலு நாலணாவாகவும் கொடுக்கலாம். எஃப் 16இல் 1/125, எஃப் 11இல் 1/250, எஃப் 8இல் 1/500 மூன்றும் உள்ளே விடுகிற வெளிச்சம் ஒன்றே. ஓடுகிற மாட்டை அப்படியே நிறுத்த வேண்டுமா, பின்னாலிருக்கும் கோபுரமும் துல்லியமாகத் தெரிய வேண்டுமா என்பதைப் பொறுத்து எந்தச் சில்லறை என்று முடிவெடுக்கலாம்.

இன்றைய வகுப்புகளில் 'எக்ஸ்போஷர் முக்கோணம்' வரைந்து மூன்றாவது மூலையில் ஐஎஸ்ஓ, அதாவது அன்றைய ஏஎஸ்ஏ, என்று எழுதுகிறார்கள். ஃபிலிம் காலத்தில் அந்த மூலை நம் கையில் இல்லை. ரோலை மாட்டியதுமே அது பூட்டிக்கொண்டது. ஊட்டியில் 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் விற்ற கறுப்பு வெள்ளைச் சுருளானாலும் சரி, கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஓர்வோ என்பி 22 ஆனாலும் சரி, மாலை ஐந்து மணிக்கு வெளிச்சம் குறைந்தால் மீதமுள்ள படங்களை அந்த வேகத்திலேயே சமாளிக்க வேண்டும். ஓர்வோவின் அந்த 22 ஜெர்மன் அளவு. ஏஎஸ்ஏ கணக்கில் 125. ஜெர்மன் அளவில் மூன்று கூடினால் வேகம் இரட்டிப்பு என்பது கடைக்காரருக்கே மனப்பாடம். இன்று படத்துக்குப் படம் ஐஎஸ்ஓவை 100லிருந்து 25,600 வரை மாற்றலாம். பெரிய வசதிதான். ஆனால் ஐஎஸ்ஓவைக் கூட்டுவதால் ஒரு துளி வெளிச்சமும் அதிகம் உள்ளே வருவதில்லை. வந்த கொஞ்சத்தைக் கேமரா பெருக்கிக் காட்டுகிறது. முக்கோணம் வரைகிறவர்கள் இதையும் சொன்னால் நல்லது.

மீட்டர் கேமராவுக்குள் வந்தது எக்ஸ்போஷர் வரலாற்றின் பெரிய திருப்பம். கையில் பிடிக்கும் வெஸ்டன் மீட்டர் 1930களிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. 1964இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக், லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சத்தையே அளந்து காட்டியது. 1976இல் வந்த பென்டாக்ஸ் கே1000 உலகம் முழுக்க மாணவர் கேமராவாக இருந்தது. பார்வைச் சாளரத்தின் ஓரத்தில் ஒரு முள். அது நடுவில் நின்றால் அமுக்கலாம். முள்ளை நடுவில் நிறுத்தக் கற்றவர்கள், எக்ஸ்போஷரையே கற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை.

முள்ளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கு. உலகத்துக் காட்சிகளைக் கலக்கிப் பார்த்தால் சுமார் பதினெட்டு சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் வரும் என்பது அதன் அனுமானம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை நின்றால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். வேட்டி அழுக்கு நிறத்தில் வரும், முகம் இருண்டுபோகும். அரக்குப் பட்டில் பெண் நின்றால் வெளிச்சம் போதாது என்று கூட்டிவிடும். பட்டு வெளிறும், தலையில் இருக்கும் மல்லிகை பஞ்சாகிவிடும். ஸ்டுடியோக்காரர்கள் இதற்குத் தீர்வு வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்டாப் (அதாவது இரட்டை வெளிச்சம்) கூட்டு, பொண்ணுக்கு அரை ஸ்டாப் குறை. இப்போது கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் இருக்கிறது, போனில் முகத்தைத் தொட்டால் பக்கத்தில் ஒரு சூரியன் வருகிறது. அதை மேலும் கீழும் இழுப்பது அந்தப் பழைய 'கூட்டு, குறை' வேலைதான்.

மீட்டர் இல்லாமலே மானம் காத்த கதைகளில் பெயர்பெற்றது அமெரிக்கர் ஆன்சல் ஆடம்ஸுடையது. 1941 நவம்பரில் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் வழியாக வண்டியில் வந்தவர், அந்தி வெயிலில் கல்லறைச் சிலுவைகள் மின்னுவதையும் மேலே நிலா எழும்புவதையும் பார்த்தார். கேமராவை நிறுத்திவிட்டார், மீட்டரைக் காணவில்லை. நிலாவின் ஒளி அளவு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவிருந்தது. அதை வைத்து மனக்கணக்காக எஃப் 32, ஒரு வினாடி என்று முடிவுசெய்து அமுக்கினார். இரண்டாவது படத்துக்கு ஃபிலிம் தட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகள் மேல் இருந்த வெயில் போய்விட்டது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். மிச்சம்தான் பாடம்: நிலாவைக் காப்பாற்றியதில் நெகட்டிவின் கீழ்ப்பாதி மெலிந்துபோனது. அந்தப் பகுதியை 1948இல் ரசாயனத்தில் நனைத்து அடர்த்தி ஏற்றினார் ஆடம்ஸ். அவருக்கே ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவியிருக்கிறது.

எக்ஸ்போஷர் என்றால் என்ன என்று ஒரே வரியில் கேட்டால் அதைத்தான் சொல்வேன்: காட்சியில் எதை இழக்கச் சம்மதிக்கிறோம் என்கிற முடிவு. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகம் வேண்டுமா, ஜன்னலுக்கு வெளியே இருக்கும் தென்னை வேண்டுமா? கண் இரண்டையும் பார்க்கும். ஃபிலிமோ சென்சாரோ ஒரே அமுக்கில் இரண்டையும் தராது.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள உண்மையான வித்தியாசமும் இந்த இழப்பில்தான் இருக்கிறது. நெகட்டிவ் ஃபிலிம் அதிக வெளிச்சத்தை மன்னிக்கும், குறைந்த வெளிச்சத்தை மன்னிக்காது. வெளிச்சம் கூடக்கூட நெகட்டிவ் கருக்கும்; ஆனாலும் அந்தக் கறுப்புக்குள் விவரம் இருக்கும். இருட்டறையில் என்லார்ஜர் விளக்கைக் கூடுதல் வினாடி எரியவிட்டால் காகிதத்தில் வந்துவிடும். நிழலில் வெளிச்சமே விழாத இடமோ வெறும் கண்ணாடி மாதிரி இருக்கும். அதிலிருந்து எதை எடுப்பது? ஆகவே 'நிழலுக்கு எக்ஸ்போஸ் பண்ணு' என்பது அன்றைய வேதவாக்கு. சந்தேகம் வந்தால் அரை ஸ்டாப் கூட்டிவிடு. நானூறு ஃபிலிமை இருநூறாகக் கணக்கிட்டு எடுத்தவர்களும் இருந்தார்கள்.

டிஜிட்டல் வந்ததும் இந்த வாக்கு தலைகீழானது. சென்சாரில் ஒவ்வொரு புள்ளிக்கும் கொள்ளளவு உண்டு. நிரம்பிவிட்டால் நிரம்பியதுதான், அதற்கு மேல் விழுகிற வெளிச்சம் பதிவாகாது. வெந்துபோன வெள்ளைக்குள் எந்த மென்பொருளாலும் சட்டையின் மடிப்பைத் தேடி எடுக்க முடியாது. நிழலோ நேர்மாறு. ரா கோப்பாக எடுத்திருந்தால் கறுத்துக் கிடக்கும் இடத்தை இரண்டு மூன்று ஸ்டாப் தூக்கினாலும் மணல் தூவின மாதிரி கொஞ்சம் இரைச்சலோடு விவரம் எழுந்து வரும். ஆகவே இன்றைய விதி வெளிச்சத்துக்கு அளப்பது. படத்தில் உங்களுக்குத் தேவையான மிக வெளிச்சமான இடம் வெந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நிழலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இருபது வருடங்களுக்கு முன் டிஜிட்டலுக்கு மாறிய கல்யாண ஆல்பங்களில் வெள்ளைச் சட்டைகள் வெந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் கைதேர்ந்தவர்கள்தான். பழைய கை, பாதுகாப்புக்காக அந்த அரை ஸ்டாப்பைக் கூட்டியது. புது இயந்திரம் அதை மன்னிக்கவில்லை. பத்திரிகைகளுக்காக ஸ்லைடு ஃபிலிமில் எடுத்துப் பழகியவர்களுக்கு இந்தச் சங்கடம் குறைவு. ஸ்லைடும் சென்சார் மாதிரிதான், வெளிச்சம் கூடினால் பொறுக்காது.

வெளிச்சம் கூடி வெந்துபோகும் இந்தப் பிரச்சினை டிஜிட்டலோடு பிறந்ததும் அல்ல; முன்பு வானத்துக்கு அது இருந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில் படம் எடுத்தார். எக்ஸ்போஷர் நிமிடக் கணக்கில். அந்தக் காலத்து ரசாயனம் நீல ஒளியை மட்டும் அள்ளிக் குடிக்கும். கோபுரம் பதிவாகும் நேரத்துக்குள் வானம் வெந்து வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகம் வரைந்துகொண்டார். இன்று வெளிறிய வானத்தை எடுத்துவிட்டு நீல வானம் ஒட்டும் செயலியைப் பார்த்து 'இதெல்லாம் போட்டோகிராஃபியா' என்று முகம் சுளிப்பவர்களுக்கு இதை ஒரு தகவலாகச் சொல்லிவைக்கலாம்.

இருட்டறையின் கைவேலையும் கணினிக்குள் குடியேறிவிட்டது. பிரிண்ட் போடும்போது முகம் கறுத்தால், கம்பி முனையில் வட்ட அட்டை ஒட்டி அந்த இடத்தில் ஆட்டி வெளிச்சத்தை மறைப்பார்கள். வானம் வெளிறினால் கையைக் குவித்து அதன் இடைவெளி வழியாக அங்கே மட்டும் கூடுதல் வெளிச்சம் விடுவார்கள். போட்டோஷாப்பில் இந்த இரண்டு கருவிகளுக்கும் உள்ள சின்னங்களைப் பாருங்கள்: ஒன்று அந்தக் கம்பி அட்டை, இன்னொன்று அந்தக் குவிந்த கை. இருட்டறைக்குள் ஒருநாளும் நுழையாத பிள்ளைகள் தினமும் அவற்றை அழுத்துகிறார்கள்.

நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு எக்ஸ்போஷரில் இன்னொரு வரலாறும் உண்டு. ஆரம்பகாலக் கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள் சிவப்பையும் பழுப்பையும் சரியாக உணரவில்லை. மாநிறம் கறுப்பாகவும் குங்குமம் கரியாகவும் விழுந்தன. வண்ண ஃபிலிம் வந்தபோது லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அதற்கு 'ஷர்லி அட்டை' என்றே பெயர். அவள் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. பழுப்பு நிறங்களின் நுட்பம் ஃபிலிமில் வரவில்லை என்று கம்பெனியின் காதில் ஏறும்படி முறையிட்டவர்கள் யார்? சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி விற்பவர்களும். மனிதர்களுக்காக மாறாதது மரத்துக்காக மாறியது.

நம்மூர் ஸ்டுடியோவில் கண்ணாடிக்குக் கீழே சீப்போடு பவுடர் டப்பாவும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அழகு ஆசை ஒருபுறம் இருக்கட்டும், முகம் நெகட்டிவில் விழ வேண்டுமே. கறுத்த முகத்துக்கு அருகில் வெள்ளைச் சட்டை இருந்தால் இரண்டையும் ஒரே படத்தில் அடக்குவது ஃபிலிமுக்குக் கஷ்டம். பவுடர் அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தது. கூகுள் 2021இல் பிக்சல் 6இல் 'ரியல் டோன்' என்று கொண்டுவந்து, பல நிறத்து மனிதர்களின் படங்களை வைத்துக் கேமராவைத் திருத்தியதாகச் சொன்னது. நல்லது. ஆனால் அதே காலத்தில் பல போன்களில் கேட்காமலேயே முகத்தை வெளுக்கும் 'பியூட்டி மோட்' உட்கார்ந்திருக்கிறது. பவுடரையாவது கழுவிவிடலாம். புதிதாக போன் வாங்கியவர்கள் முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை முகத்தின் எக்ஸ்போஷர் சரியா தப்பா என்று உங்களால் தெரிந்துகொள்ளவே முடியாது.

ஃப்ளாஷ் கணக்கு அன்று எல்லோருக்கும் அத்துபடி. ஃப்ளாஷின் முதுகில் அட்டவணை ஒட்டியிருக்கும். அதன் வழிகாட்டி எண்ணைத் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர். எண் 28, ஆள் ஐந்து மீட்டரில் நின்றால் எஃப் 5.6; பத்து மீட்டர் என்றால் 2.8. பந்தியில் எடுத்தால் முதல் இலைக்காரர் வெளுப்பார், கடைசி இலைக்காரர் இருட்டில் சாப்பிடுவார். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசிதான் என்ற விதியை எவராலும் ஏமாற்ற முடியவில்லை. இன்று மண்டபத்தில் எல்இடி வந்து அந்தக் கவலையைக் குறைத்து, புது வில்லங்கத்தைக் கொண்டுவந்திருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் வினாடிக்கு நூறு முறை மினுக்குகின்றன. வேகமான ஷட்டரில் எடுத்தால் படத்தில் வரிவரியாக இருட்டுப் பட்டை விழும். 1/100 அல்லது 1/50க்கு இறக்கினால் பெரும்பாலும் போய்விடும். எந்தத் துண்டுச் சீட்டிலும் இல்லாத பாடம் இது.

போனுக்கு வருவோம். பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சர் மாறவே மாறாது; ஷட்டரும் ஐஎஸ்ஓவும்தான் கூடிக் குறைகின்றன. மிச்ச வேலையைக் கணக்கு செய்கிறது. கூகுளின் எச்டிஆர் பிளஸ், நீங்கள் ஒருமுறை அமுக்கும்போது வேண்டுமென்றே வெளிச்சம் குறைத்த பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, நிழலைத் தூக்கிக் காட்டுகிறது. வெளிச்சத்துக்கு அளப்பது என்ற அதே விதி, உங்களைக் கேட்காமல். 2018இல் வந்த 'நைட் சைட்' இரவையும் படமாக்கியது. பாட்டியின் முகமும் தென்னையும் சேர்ந்தே கிடைக்கின்றன. இது சின்னச் சாதனை இல்லை. இருட்டில் தூங்கும் குழந்தையை ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்க முடிவது அன்றைய ஸ்டுடியோக்காரர் கனவிலும் காணாதது.

என் மனத்தாங்கல் வேறு. எதையும் இழக்காத படத்தில் எதையும் தேர்ந்தெடுத்திருக்கவும் மாட்டார்கள். நிழலெல்லாம் தூக்கப்பட்டு, வானமெல்லாம் அடக்கப்பட்டு, இரவு மாலை மாதிரியும் மாலை பகல் மாதிரியும் தெரிகிற படங்கள் எல்லாப் போனிலும் ஒரே முகஜாடையோடு வருகின்றன. 'நாயகன்' படத்தில் பாதி முகத்தை இருட்டுக்குக் கொடுத்த ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமுக்கு 1987க்கான தேசிய விருது கிடைத்தது. அன்றைய ஃபிலிமில் அந்த இருட்டு துணிச்சல். நெகட்டிவில் விழாதது விழாததுதான். அதே காட்சியை இன்றைய போனிடம் கொடுத்தால் உதவி செய்வதாக நினைத்து அந்த நிழலைத் துடைத்து வைத்துவிடும்.

ஆக, புதிதாகக் கற்பவருக்கு அன்றைவிட இன்று எளிது. ஆனால் கற்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. தப்பு செய்தால் ஒரு நொடியில் தெரிகிறது, செலவும் இல்லை. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ள இரண்டே பழக்கம் போதும். ஒன்று, திரையை நம்பாதீர்கள். இருட்டு மண்டபத்தில் திரை பளிச்சென்று தெரியும், வெயிலில் அதே படம் மங்கலாகத் தெரியும். வெளிச்சப் பரவலை வரைந்துகாட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், மலை வடிவம் வலது ஓரத்தில் சுவரில் முட்டி நின்றால் வெள்ளை வெந்துவிட்டது. இரண்டு, போனானாலும் முகத்தை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, சூரியனைக் கொஞ்சம் கீழே இழுத்து இன்னொரு படம் எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதை இழக்கலாம் என்று கண்ணே சொல்லும்.

கேமரா கையில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை. அடுத்த பௌர்ணமியன்று நிலா நன்றாக மேலே ஏறியதும் ஆட்டோவில் ஒரு படம் எடுங்கள். கறுப்பு வானத்தில் வெள்ளைப் பொட்டு விழும். மீட்டர் சுற்றியிருக்கும் இருட்டையும் சேர்த்துச் சாம்பலாக்கப் பார்த்ததன் பலன் அது. பிறகு மேனுவலுக்கு மாற்றி ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125, அப்பர்ச்சர் எஃப் 11 வைத்து அமுக்குங்கள். நிலாவின் கறைகள் தெளிவாக வரும். ராத்திரியில் பகல் கணக்கா என்று யோசிக்க வேண்டாம்: அது நல்ல வெயிலில் கிடக்கும் பாறை.